எழுதிப் பேசிய ஆங்கிலம்

தம்பி மகள் பெங்களூரிலிருந்து கைபேசியில் செய்தி அனுப்பியிருந்தாள். ‘கமின் சண்டே அத்தை’ என்று ஆங்கில எழுத்தில். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். சந்தோஷம்தான். ஆனால் என் கண் அந்தக் ‘கமின்’னிலேயே நின்றுவிட்டது. கடைசியில் வரவேண்டிய ‘ஜி’யைக் காணோம். எங்கள் காலத்தில் அந்த வார்த்தையில் ஒரு ‘எம்’மைக் கூடுதலாகப் போட்டுத் திட்டு வாங்குவோம். இப்போதைய பிள்ளைகள் வாலையே நறுக்கிவிடுகிறார்கள். திட்டத்தான் ஆளில்லை.

பதில் எழுதலாம் என்று கண்ணாடியைத் தேடினேன். சளிக்காக அடுப்பில் வைத்த சுக்குக் காப்பி கொதித்து வீடெல்லாம் மணந்தது. சுக்கு மணமும் ஆங்கில எழுத்துப் பிழையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்பது எனக்குத் தெரியும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு சரக்குக் கிட்டங்கியின் மாடியில்.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி அங்கே போனேன். நான் கோவில்பட்டிக்காரி. அவருக்குப் போடி. மிளகு, ஏலம், சுக்கு ஏற்றுமதி செய்யும் ஒருவரிடம் கொள்முதல் வேலை பார்த்தார். பேருக்குத்தான் மட்டாஞ்சேரி. ஆள் இருப்பதெல்லாம் கட்டப்பனை, நெடுங்கண்டம் என்று மலையில். “மழை விட்டாத்தான் சரக்கு எறங்கும். நான் வர முன்னப்பின்ன ஆவும். பாத்து இருந்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பாசி பிடித்த ஒரு சுவர் இருந்தது. அதன்மேல் எப்போதும் ஒரு ஆடு நிற்கும். நான் அதைப் பார்ப்பேன், அது என்னைப் பார்க்கும். அதுதான் பகல்.

தமிழும் மலையாளமும் அக்கா தங்கச்சி என்பார்கள். அக்கா வீட்டுக்குப் போன தங்கச்சி வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதும் உண்டு. கீழ்வீட்டு அம்மிணிச் சேச்சி முதல் வாரம் படியருகே நின்று “வெள்ளம் வந்நோ?” என்று கேட்டபோது நான் பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வந்ததா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு எனக்குப் பேசவே கூச்சம். சந்தைக்குப் போனால் கையால் காட்டி வாங்கினேன். கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கைக் காட்டி இரண்டு விரல் நீட்டினால் இரண்டு கிலோ வந்துவிடும். ஒருத்திக்கு எதற்கு இரண்டு கிலோ என்று சொல்ல மொழி கிடையாது. வாரமெல்லாம் கப்பை தின்றேன்.

ஊரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அது கைகொடுத்தது. பஜார் ரோட்டிலேயே இன்னொரு சேட்டின் ஏற்றுமதி ஆபீஸில் ஆள் வேண்டும் என்று அவருக்குச் செய்தி கிடைத்தது. கீழே கிட்டங்கி, மேலே ஆபீஸ். கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கைச் சுண்ணாம்புத் தூசி போகப் புடைப்பார்கள். அந்தத் தூசி பலகைத் தளத்தின் இடுக்கு வழியே மேலே ஏறி, நாங்கள் அடித்த தாள்களில் எல்லாம் படியும். எங்கள் கடிதங்களைப் பிரித்த வெளிநாட்டுக்காரர்கள் தும்மியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மாடியில் இரண்டு டைப்ரைட்டர்கள். ஒன்றில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சுருள் முடியை இறுக்கிப் பின்னி, கழுத்தில் சின்னச் சிலுவை. என் வயதுதான். நான் தெரிந்த மலையாளத்தை எல்லாம் திரட்டி “பேரு எந்தா?” என்றேன். அவள் திரும்பவில்லை. சரி, கர்வக்காரி போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். மானேஜர் மேனன் சார்தான் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “அது ட்ரீசா. அவளுக்குச் செவி கேள்க்கில்லா” என்றார்.

சுள்ளிக்கல்லில் வீடு. பேசத் தொடங்கிய வயதில் ஒரு காய்ச்சல் வந்து காது போய்விட்டது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதப் படிக்கக் கற்று, டைப் அடிக்கவும் கற்றிருந்தாள். வரி முடியும்போது அடிக்கும் மணி அவளுக்குக் கேட்காது. விரலுக்கு அது தெரிகிறது என்று பிறகு சொன்னாள். சொன்னாள் என்றா எழுதினேன்? எழுதிக் காட்டினாள். எனக்கு மலையாள எழுத்து தெரியாது. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆக, கோவில்பட்டிக்காரியும் சுள்ளிக்கல்காரியும் பேசிக்கொள்ள இருந்த ஒரே வழி ஆங்கிலம், அதுவும் எழுத்தில்.

பாழான தாள்களைக் கிழித்துச் சீட்டுகளாக்கி, பென்சிலால் எழுதி, மேஜைக்கு மேஜை தள்ளிக்கொள்வோம். முதல் சீட்டை அவள்தான் தள்ளினாள். ‘யூ கம் ஃப்ரம் வேர்? யூ ஈட்?’ எங்கிருந்து வந்தாய், சாப்பிட்டாயா. அந்த ஊருக்குப் போய் இரண்டு மாதமாகியிருந்தது. சாப்பிட்டாயா என்று என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. நான் நாலு வரி பதில் எழுதினேன். சாயங்காலம் அத்தனை சீட்டையும் சுருட்டி ஜன்னல் வழியே சந்தில் போடுவோம், மேனன் சார் பார்க்கக்கூடாதே. மட்டாஞ்சேரி ஆடுகளுக்குக் காகிதம் என்றால் உயிர். எங்கள் சம்பாஷணை முழுவதும் அவற்றின் வயிற்றுக்குள் போய்விட்டது. அதனால் இப்போது நான் சொல்வதற்கெல்லாம் அத்தாட்சி கேட்காதீர்கள்.

ட்ரீசாவின் ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்கு வால் கிடையாது. நேற்றும் ‘கோ’தான், இன்றும் ‘கோ’தான், நாளையும் ‘கோ’தான். காதால் கேட்டுப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் தானாக வந்துவிடும். அவளுக்கு எல்லாவற்றையும் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். சீட்டில் வாலில்லாமல் எழுதினால் ஆடு கேட்கப்போவதில்லை. ஆபீஸ் கடிதத்தில் அது நடக்காது. மேனன் சார் கடித வரைவைச் சுருக்கெழுத்து மாதிரி அரைகுறையாகத்தான் எழுதுவார். ‘ஷிப்’ என்று எழுதி ஒரு கோடு இழுத்திருப்பார். அனுப்பிவிட்டோமா, அனுப்பிக்கொண்டிருக்கிறோமா என்பதை நாங்கள்தான் விரித்து அடிக்க வேண்டும். தப்பினால் சிவப்புப் பென்சில் வட்டம். வட்டம் போட்டுவிட்டு ட்ரீசாவைப் பார்த்துச் சத்தம் போடுவார். அவளுக்குக் கேட்காது என்பது நினைவு வந்ததும் இன்னும் பலமாகச் சத்தம் போடுவார்.

“எந்தா குட்டீ இது? ‘ஷிப்பிங்’கினு ரெண்டு ‘பி’ இல்லே?”

அவருடைய வாய் அசைவதைப் பார்த்து அவள் சிரிப்பாள். தன் சிரிப்பு எவ்வளவு பெரிய சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. கீழே சுக்குப் புடைக்கிற பெண்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இப்படித்தான் நாங்கள் இருவரும் ஆங்கில எழுத்து விதிகளில் இறங்கினோம். ஊரில் டைப்ரைட்டிங் படித்தபோது மனப்பாடம் செய்தவை எனக்கு அரைகுறையாக நினைவிருந்தன. ‘மேக்’கின் கடைசி ‘ஈ’, ‘ஐ என் ஜி’ வந்தால் எழுந்து போய்விடும். ஆனால் ‘சீ’யின் ‘ஈ’ நகராது. ‘ஸ்டாப்’புக்கு ஒரு ‘பி’, நிறுத்தியாகிவிட்டால் இரண்டு. ‘கேரி’யின் கடைசி ‘ஒய்’, ‘ஈ டி’ வந்தால் ‘ஐ’யாக மாறும், ‘ஐ என் ஜி’ வந்தால் மாறாமல் இருக்கும். ஏன் என்று கேட்டாள். இரண்டு ‘ஐ’ அடுத்தடுத்து உட்காராது, சண்டை போடும் என்று எழுதினேன். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் வீட்டில் அண்ணிக்கும் அவளுக்கும் அப்படித்தானாம்.

எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். ஒரு இடத்தில்தான் முட்டிக்கொண்டாள். ‘அக்கர்’ என்றால் நேர்வது. நேர்ந்துவிட்டால் இரண்டு ‘ஆர்’. ‘ஆஃபர்’ என்றால் தர முன்வருவது. அதற்கு மட்டும் ஒரே ‘ஆர்’. இரண்டும் ‘ஆரி’ல்தானே முடிகின்றன, இதற்கென்ன ஓரவஞ்சனை? விதி சொல்வது, வார்த்தையின் பின்பாதியில் குரல் அழுந்தினால் இரட்டிக்க வேண்டும், முன்பாதியில் அழுந்தினால் வேண்டாம் என்று. இதைச் சீட்டில் எழுதித் தள்ளினேன். அவள் படித்துவிட்டு, ‘குரல் எங்கே அழுந்துகிறது என்று நான் எப்படிப் பார்ப்பேன்?’ என்ற பொருளில் எழுதித் திருப்பித் தள்ளினாள்.

நான் வெட்கப்பட்டுப் போனேன். பிறகு ஒன்று தோன்றியது. அவள் கையை எடுத்து என் தொண்டைக்குழியில் வைத்து, ‘அக்கர்’ என்றேன், ‘ஆஃபர்’ என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் கவனித்தாள். இன்னொரு முறை என்று சைகை காட்டினாள். சொன்னேன். கையை எடுத்து எழுதினாள்: ‘போத் சேம்.’

இரண்டும் ஒன்றுதான்! அவள் விரல் பொய் சொல்லவில்லை. கோவில்பட்டி ஆங்கிலத்தில் எல்லா எழுத்தும் ஒரே உயரம். அம்மி கொத்துவது மாதிரி ஒரே சீராக இறங்கும். எனக்குக் காது இருந்து என்ன, அழுத்தம் எங்கே என்பது எனக்கும் கேட்டதில்லை.

அதன் பிறகு காலையில் வீட்டில் அவருடைய டிரான்சிஸ்டரில் ஆங்கிலச் செய்தி வைக்கத் தொடங்கினேன். செய்தியில் எனக்கு அக்கறை இல்லை. யார் ராஜினாமா, எங்கே வெள்ளம் (உண்மையான வெள்ளம்), எதுவும் காதில் ஏறாது. வாசிப்பவர் ‘ப்ரிஃபர்’ என்றால் எங்கே அழுத்துகிறார், ‘என்டர்’ என்றால் எங்கே என்று மட்டும் கேட்பேன். கேட்டதைக் கைவிரலால் சமையல் மேடையில் தட்டிப் பார்த்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய், ட்ரீசாவின் மணிக்கட்டில் தட்டிக் காட்டுவேன். மெதுவாக ஒன்று, பலமாக ஒன்று என்றால் இரட்டிக்க வேண்டும். பலமாக ஒன்று, மெதுவாக ஒன்று என்றால் வேண்டாம். அந்த வீட்டில் அதுவரை காலை நேரம் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. யாருக்காகவோ காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்த பிறகு அவ்வளவு இல்லை.

‘ட்ராவல்’ எங்களை ஏமாற்றியது. அழுத்தம் முன்னால்தான், ஆனாலும் மேனன் சாருக்கு இரண்டு ‘எல்’ வேண்டும். ட்ரீசா கோபத்தில் சீட்டைக் கசக்கி நேராகவே ஆட்டுக்குப் போட்டாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் நான் உண்டானேன். அந்தக் காலத்தில் ஆபீஸ்களில் இதைச் சொல்ல ஒரு ஆங்கிலம் இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கலாம். ‘கேரியிங்’ என்பார்கள். அவர் மலையில் இருந்தார். அம்மாவுக்குக் கடிதம் போட வேண்டும். எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னது ட்ரீசாவிடம்தான். ‘ஐ ஆம் கேரியிங்’ என்று எழுதித் தள்ளினேன். அவள் ‘என்ன தூக்குகிறாய்?’ என்பதுபோல் என் கைகளைப் பார்த்தாள். நான் வயிற்றைக் காட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் மேனன் சார் பென்சிலைத் தவறவிட்டார். அன்றிலிருந்து நாலு நகல் வைத்து அடிக்கும் கனமான வேலைகளை எல்லாம் அவளே எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாத முடிவில் அது தங்கவில்லை. ஆனி மழை கொட்டிய ஒரு மத்தியானம். அம்மிணிச் சேச்சிதான் ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவர் வந்து சேர நாளாகிவிட்டது, மலையில் பாதை சரிந்திருந்தது. வந்தவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “விடு. எல்லாம் சரியாவும்” என்றார். அம்மிணிச் சேச்சி, “சாரமில்லா மோளே, இனியும் உண்டாவுமல்லோ” என்றாள். அம்மா எழுதிய கடிதத்திலும் அதுவேதான் இருந்தது. பரவாயில்லை, பரவாயில்லை. எல்லோரும் நல்லவர்கள். நான் சொல்லத் தொடங்குமுன் எல்லோரும் ஆறுதல் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஆபீஸுக்குத் திரும்பிய அன்று ட்ரீசாவுக்கு விஷயம் தெரியாது. காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நான் உட்காருமுன் சீட்டு வந்தது. ‘ஃபீவர் ஸ்டாப்ட்?’ இரண்டு ‘பி’யும் சரியாகப் போட்டிருந்தாள். கீழே, ‘பேபி ஓகே?’

பென்சிலை எடுத்தேன். எனக்கு எழுத வந்தது ஒன்றுதான். ‘ஐ கேரிட்.’

‘ஒய்’ போய் ‘ஐ’ வந்திருந்தது. அவள் முதலில் எழுத்துப் பிழை ஏதும் உண்டா என்று பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். பிறகு அந்த ‘ஈ டி’யின்மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

அவள் ஆறுதல் ஒன்றும் எழுதவில்லை. எழுந்து வந்து என் டைப்ரைட்டருக்கு உறை போட்டாள். என் மேஜையிலிருந்த வரைவுகளை அள்ளிக்கொண்டு போய்த் தன் மேஜையில் வைத்து அடிக்கத் தொடங்கினாள். நான் மறுபக்க ஜன்னல் வழியே காயல் நீரைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மேனன் சார் ஒருமுறை தலையைத் தூக்கினார், பிறகு குனிந்துகொண்டார். சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குப் போகாமல் என்னோடு வீட்டுக்கு வந்தாள். நாள்கணக்கில் கழுவாமல் குவிந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். சாயா போட்டு எனக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர். குடித்துவிட்டு, என் தலையில் கையை வைத்து ஒருதரம் அழுத்திவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்தச் சங்கதியில் யாரிடமாவது முழுதாகச் சொன்னேன் என்றால் அந்த இரண்டு வார்த்தைதான்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில், அடித்ததும் வெளிநாட்டுக்குச் செய்தி போகும் டெலக்ஸ் எந்திரம் ஆபீஸுக்கு வந்தது. டெலக்ஸுக்கு ஒருத்தி, டைப்புக்கு ஒருத்தி, யாரானாலும் டெலிபோனையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் சேட். டெலிபோன் என்றதும் ட்ரீசாவின் கதை முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் அண்ணன் சேவியர் ஒருநாள் வந்து மேனன் சாரிடம் பேசினான். துறைமுகத்தில் வேலை, முரட்டு ஆள் இல்லை, களைத்த ஆள். “ஜோலி போயால் பின்னெ மடத்திலெ அடுக்களை தன்னே. அவிடே காது வேண்டல்லோ” என்றான். வேலை போனால் கன்னியாஸ்திரீ மடத்துச் சமையல்கட்டுதான், அங்கே காது எதற்கு என்று. தங்கை பக்கத்திலேயே நின்றாள். அவள் எதிரில் எதை வேண்டுமானாலும் பேசலாமே. அவன் போன பிறகு, ‘என்ன சொன்னான்?’ என்று எழுதிக் கேட்டாள். நான் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன்.

களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் காது கேளாதவர்களுக்கென்று ஒரு டைப்பிஸ்ட் இடம் இருப்பதாகப் பள்ளிக் கன்னியாஸ்திரீகள் சொல்லியனுப்பினார்கள். ஹையர் பாஸ் வேண்டும். ட்ரீசா இரண்டு தடவை தோற்றிருந்தாள். வேகத்தில் அல்ல, கிறுக்கலான கையெழுத்துப் பிரதியை விரித்து அடிக்கும் தாளில். அவள் பிழையெல்லாம் வாலில்தான். பரீட்சை வரை மத்தியான இடைவேளை எங்களுக்குக் கிடையாது. ஒரு கையால் சோறு, மறுகையால் மணிக்கட்டில் தட்டல். அவள் தேறினால் அந்த ஊரில் நான் பேச ஒரு ஆள்கூட இருக்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

எர்ணாகுளத்தில் பரீட்சை. நானும் துணைக்குப் போனேன். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மணி அடிப்பார்கள், இவளுக்குத் தோளில் தட்டிச் சொல்லுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். “சரி, சரி” என்றார். நான் வராந்தா ஜன்னலில் நின்றேன். தொடங்கும்போது தட்டினார். முடிவு மணி அடித்தபோது யாருடைய நாற்காலியோ சாய்ந்து, அதைப் பார்க்கப் போய்விட்டார். அறை முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. ஒரே ஒரு டைப்ரைட்டர் மட்டும் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மணிக்குப் பிறகு அடித்தால் தாள் செல்லாது. அவர் பாய்ந்து வந்து தாளை உருவிக் கையில் எடுத்து, குறுக்கே கோடு போடப் பேனாவைத் திறந்தார். ட்ரீசா ஒன்றும் புரியாமல் விரல்களைக் காற்றில் வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தாள்.

நான் உள்ளே ஓடினேன். மலையாளம் ஓடிப்போய்விட்டது. தமிழும் வரவில்லை. “சார்! ஷீ டிட் நாட் ஹெர்ட்! ஷீ டிட் நாட் ஹெர்ட்!” என்று கத்தினேன், அவளுக்கு மணி கேட்கவில்லை என்று சொல்ல. அறையிலிருந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் பேனாவோடு என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அய்யோ, ஞான் மறந்நு” என்றார் மெதுவாக. பேனாவை முழுத் தாளின்மேல் ஓட்டாமல், மணிக்குப் பிறகு அடித்த கடைசி வரிக்கு மட்டும் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர்.

திரும்பும் போட்டில் நடந்ததை எல்லாம் எழுதிக் காட்டினேன், நான் கத்தியதையும் அப்படியே. அவள் பென்சிலை வாங்கி ‘ஹெர்ட்’டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ‘டிட் வந்தால் வால் கிடையாது’ என்று பக்கத்தில் எழுதினாள். அப்புறம் போட்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

பாஸ் செய்தாள். களமசேரி வேலையும் கிடைத்தது. அங்கேயே பெண்கள் விடுதியில் இடம். போகும் நாளில் மேனன் சார் அவளிடம் ஏதோ நீளமாகச் சொன்னார், வழக்கம்போலச் சத்தமாக. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் மேஜையில் டெலக்ஸ் வந்து உட்கார்ந்தது. எனக்கு டெலிபோன் வேலையும் சேர்ந்தது. நாளெல்லாம் பேசினேன். ஹலோ, எஸ் சார், ஹோல்ட் ஆன் சார். மாதம் ஒரு கடிதம் அவளிடமிருந்து வரும். பிழை குறைந்துகொண்டே வந்தது. பிழையில்லாத கடிதம் ஒன்று வந்த அன்று எனக்கு ஏனோ கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அவருடைய முதலாளி வியாபாரத்தைச் சுருக்கிக்கொண்டார். நாங்கள் போடிக்கே திரும்புவது என்றாயிற்று. போகுமுன் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வா, விடுதிக்கு எதிரே இருக்கும் சாயாக் கடையில் இருப்பேன் என்று பதில் வந்தது.

போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. ட்ரீசாவோடு நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. மேஜைக்கு மேலே கைகள் பறந்துகொண்டிருந்தன. அத்தனை வேகமாக அவள் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை, டைப்கூட. எல்லோரும் காது கேளாதவர்கள். தொழிற்சாலையிலும் பக்கத்திலும் வேலை பார்ப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை கூடுகிறவர்கள். பள்ளியில் பழகிய சைகை அவளுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. சுள்ளிக்கல்லிலும் பஜார் ரோட்டிலும் அதைப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பக்கத்தில் மீசை வைத்த ஒரு பையனைக் காட்டி மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு மட்டும் எழுத்து தேவைப்படவில்லை.

நடுவில் உட்கார வைத்தார்கள். ஒருவன் கையால் ஏதோ சொன்னான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ட்ரீசா என்னை விட்டுவிடவில்லை. பொட்டலம் கட்டும் தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, அவன் சொன்னதை எனக்காக எழுதினாள். எழுதி முடித்து, நான் படித்து, புரிந்து சிரித்தபோது மற்றவர்கள் சிரித்து ஓய்ந்து அடுத்த பேச்சுக்குப் போயிருந்தார்கள். மறுபடி சிரிப்பு. மறுபடி அவள் குனிந்து எழுதினாள். எழுதும்போது அவளும் அந்தப் பேச்சைத் தவறவிட்டாள். இரண்டு முறை பார்த்துவிட்டு, நான் அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேஜையில் வைத்தேன். நீ பேசு என்று கையால் காட்டினேன். அது சரியான சைகைதானா என்று தெரியவில்லை. ஆனால் புரிந்துகொண்டாள். நான் சாயாவைக் குடித்துக்கொண்டு அவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் பஸ் வரும்வரை.

போடிக்கு வந்த பிறகும் சில காலம் கடிதங்கள் வந்தன. கல்யாணப் படம் ஒன்று, பிறகு கைக்குழந்தையோடு ஒன்று. அப்புறம் அவர்கள் வீடு மாறினார்கள், நாங்களும் மாறினோம். யார் கடைசியாக எழுதியது என்று நினைவில்லை. அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மேனன் சார் இருக்க வாய்ப்பில்லை. அந்தக் கிட்டங்கி இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து காப்பி குடிக்கிற இடமாகிவிட்டது என்று அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னார். சுக்குத் தூசி ஏறிய பலகைத் தளத்தைப் பெயர்த்துவிட்டுப் பளிங்கு போட்டிருக்கிறார்களாம்.

ட்ரீசா எங்கேயாவது நன்றாகத்தான் இருப்பாள். இப்போதெல்லாம் கைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். கையால் பேச அவளுக்கு மனிதர்கள் நிறைய இருப்பார்கள். எனக்கும் பேச ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் தமிழ், டெலிவிஷனில் தமிழ், கோயிலில் தமிழ். ஆனால் பாழான தாளின் முதுகில், பென்சிலில், பாதி வாலோடும் பாதி வாலில்லாமலும் நாங்கள் பேசிய அந்த ஆங்கிலம் வேறு யாருக்கும் தெரியாது. அதைப் பேசியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்திக்கு அதைவிட நல்ல மொழி கிடைத்துவிட்டது.